தண்ணிக் கணக்கு

செய்தி வந்தது பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில். மின்சாரம் போய் நாட்களாகிவிட்டதால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. மோதினார் வெறும் தொண்டையால் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார். காற்று அதைத் துண்டு துண்டாகத்தான் கொண்டுவந்தது. பாடசாலை மாடிப்படியில் வெள்ளம் ஏறாத முதல் படியில் பஹ்மி நின்றான். என் கணவரின் தம்பி. அன்று காலையில் அவரைத் தன் போட்டில் ஏற்றிக்கொண்டு குடாவைக் கடந்து அக்கரை ரவுண் ஆஸ்பத்திரிக்குப் போனவன். தனியாக வந்திருந்தான். உடுத்திருந்த சாரத்திலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"மதினி," என்றான். பிறகு, "உம்மா எங்க?" என்றான்.

உம்மா எங்கே என்று கேட்டதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"மெஷின்?" என்று மட்டும் கேட்டேன்.

"மெஷினுக்குப் போகல்ல மதினி. ஜெற்றி வரைக்கும்தான் போனம்."

எனக்குப் பின்னால், இரசாயன ஆய்வுகூடத்துக்குள்ளிருந்து, அவர்கள் இருவரையும் பெற்ற உம்மாவின் குரல் வந்தது. "யாரு புள்ள, பஹ்மியா? உன்ட நானாக்கு மெஷின் போட்டாச்சாமா?"

அவருடைய பெயர் சஜீத். மூதூரில் யாரிடமாவது சஜீத் சேர் என்று கேட்டால் எந்த சஜீத் என்பார்கள். பிறை சேர் என்றால் வீட்டு வாசல்வரை கூட்டிவந்து விடுவார்கள். உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவர். அந்தப் பட்டம் வந்தது ஒரே ஒரு சொல்லால். கண்ணாடிச் சாடியில் தண்ணீரை ஊற்றினால் அதன் மேற்பரப்பு மட்டமாக நிற்காது. ஓரங்கள் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு ஏறும், நடு சற்றே தாழும். புத்தகத்தில் அதற்குப் பிறையுரு என்று பெயர். அளவை வாசிக்கும்போது பிறையின் அடியைத்தான் வாசிக்க வேண்டும், கண் அந்த மட்டத்துக்கே வரவேண்டும். மேலேயிருந்து பார்த்தால் கூடத் தெரியும், கீழேயிருந்து பார்த்தால் குறையத் தெரியும். இதை அவர் ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்த வகுப்புக்குச் சொன்னார். பிள்ளைகள் மேசைக்கு முன்னால் முழங்கால் மடக்கி நின்று சாடியைப் பார்ப்பார்கள்.

நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் ஊரே கடற்கரையில் நிற்கும். முகில் மூடியிருந்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவருடைய பழைய மாணவர்கள் கூட்டத்துக்குள்ளிருந்து கத்துவார்கள்: "பிறை சேர்ட்டக் கேளுங்க! அவர்ட கண்ணுக்கு அடிப்பிறையும் தெரியும்!"

"கண் மட்டத்துக்கு வரட்டும், சொல்றன்," என்பார் அவர். எல்லா வருடமும் அதே பகிடி. எல்லா வருடமும் சிரித்தார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அலகு கேட்பார். வகுப்பில் ஒருவன் எழும்பி விடை "அஞ்சு, சேர்" என்றால் போதும்.

"அஞ்சு என்ன? அஞ்சு மாடா?"

"அஞ்சு கிராம், சேர்."

"ஆ. இப்ப அது அறிவு. முந்திச் சொன்னது வெறும் சத்தம்."

வீட்டிலும் அதுதான். சந்தைக்குப் போகும்போது "வெங்காயம் அரை வாங்கிட்டு வாங்க" என்றால் வாசலில் நின்றுவிடுவார். நான் "கிலோ, கிலோ" என்று குசினியிலிருந்து கத்திய பிறகுதான் படலை திறக்கும் சத்தம் கேட்கும். சிலநாள் எனக்கு எரிச்சல் வரும். இப்போது அந்தப் படலைச் சத்தம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

சடப்பொருள், அளவீடு, அணுவின் கட்டமைப்பு. பாடத்திட்டத்தின் முதலாம் அலகு அவ்வளவுதான். மற்ற ஆசிரியர்கள் விரைந்து முடித்துவிட்டுப் போகும் இடத்தில் அவர் ஒரு தவணை முழுக்க உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் முறைப்பட்டால், "மத்தப் பள்ளிக்கூடம் முன்னுக்குப் போகட்டும். போற இடத்துல அணு இல்லாம என்ன செய்யப் போறாங்க?" என்பார். அதிபர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசியதும் எனக்குத் தெரியும். பயனில்லை.

நான் கலைப்பிரிவில் படித்தவள். வரலாறு என் பாடம். எனக்கு இரசாயனம் தெரியவேண்டி வந்தது அவருடைய சிறுநீரகம் கெட்ட பிறகுதான்.

ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மாவட்டத்தில் இப்படிக் காரணமில்லாமல் கெட்டுப்போகும் மனிதர்கள் பலர். முதலில் கால் வீங்கியது. பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. பிறகு கிழமையில் மூன்று நாள், ரவுண் ஆஸ்பத்திரியில், இரத்தத்தைக் கழுவும் மெஷினுக்குப் பக்கத்துக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். நான் பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். விடிய முதல் பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய், பின்னேரம் திரும்பி வருவோம். போகும்போது அவர் கனமாக இருப்பார், வரும்போது இலேசாக. கூடிய எடை முழுக்கத் தண்ணீர். எங்கள் வீட்டு நிறுக்கும் தராசில் ஆள் ஏறாமலே முள் பூச்சியத்துக்கு அப்பால் நிற்கும். புதிதாக ஒன்று வாங்குவோம் என்றேன். "வேணாம் புள்ள. பூச்சிய வழு எவ்வளவு எண்டு தெரிஞ்சா அது வழுவே இல்ல, கழிச்சிட்டுப் போறதுதானே," என்றார்.

அந்தப் பிரிவில் இராசமலர் மிஸ் என்றொரு தாதி. பாலையூற்றுக்காரி. கண்டிப்பானவள், ஆனால் அவருக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவாள், மகனுக்கு அவர் படிப்பித்திருந்தார். முதல்நாள் எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்து வகுப்பெடுத்தாள். உம்மாவும் அன்று வந்திருந்தா.

"சேர், ஒரு நாளைக்கு அஞ்சூறுதான் குடிக்கலாம்..."

"அலகு?" என்றார் அவர்.

"மில்லிலீற்றர், சேர். வருத்தக்காரர் எண்டாலும் விடமாட்டீங்கள். அம்மா, நீங்கள் கேளுங்கோ. தண்ணி எண்டா வெறும் தண்ணி மட்டுமில்லை. தேத்தண்ணி, பால், கஞ்சி, சூப், ஊத்தக்கூடியது எல்லாம் தண்ணிக் கணக்குத்தான். விளங்கிச்சோ?"

"ஓம் மகள். ஊத்தக்கூடியது எல்லாம் தண்ணி," என்று உம்மா திருப்பிச் சொன்னா.

அன்றிலிருந்து வீட்டில் வேலை இரண்டாகப் பிரிந்தது. தண்ணி உம்மாவின் பொறுப்பு. சாப்பாடு என் பொறுப்பு. ஆமினா உம்மா ஒரு பொறுப்பை ஏற்றால் அதில் வேறு யாரும் கைவைக்க ஏலாது. அவர் பாடசாலையிலிருந்து கழித்துவிட்ட பிளாஸ்ரிக் அளவுச்சாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நூறு மில்லிலீற்றர் கொள்ளும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. குசினி மேசையில் சாடியை வைத்து, உம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பா.

"இந்த வயசில என்னக் குனிய வைக்கிறாய் மகன்."

"குனியாட்டி பிழைக்கும் உம்மா."

"பிறைய நான் உனக்கு முந்தி வானத்துல பாத்தவ. உன்ட பொடியனுகளுக்குச் சொல்லு இதையெல்லாம்."

அவ ஒருநாளும் பிழைவிடவில்லை. நானே இரகசியமாகச் சரிபார்த்திருக்கிறேன். நோன்பு மாதத்தில் தான் ஒரு சொட்டுக் குடிக்காமல் இருந்த பகல்களிலும் மகனுக்கு அளந்து கொடுத்தா.

என் சாப்பாட்டுப் பக்கத்தில் இருந்தது பொற்றாசியம். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது இரத்தத்தில் தேங்கும், தேங்கினால் இதயம் நின்றுவிடும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், உருளைக்கிழங்கு, கீரை, தக்காளி, இளநீர். எல்லாவற்றிலும் இருக்கிறது. மரக்கறியை மெல்லியதாக வெட்டி, சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுத்தான் சமைப்பேன். "ருசியெல்லாம் வாய்க்காலுக்குப் போகுது," என்று உம்மா புறுபுறுப்பா. அவருக்கு ருசி முன்பே போயிருந்தது. எதைத் தின்றாலும் நாக்கில் இரும்பு என்பார். சீனி போட்டதா போடாததா என்றுகூடத் தெரியாது.

உப்பிலும் இதேமாதிரி ஒன்றுதானே இருக்கிறது, அதை மட்டும் ஏன் கொஞ்சம் விடுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சுளகை எடுத்து, நான் ஊறவைக்க வைத்திருந்த கடலையை அள்ளிப் பரப்பினார். நடுவில் ஒரு குவியல். சுற்றிவர இரண்டு கடலை. அதற்கு வெளியே எட்டு. அதற்கும் வெளியே ஒன்று.

"இது சோடியம். இந்தக் கடைசி இலத்திரன் தனிய நிக்குது பாத்தியா? அது எப்பவும் போகத்தான் நிக்கும்."

பிறகு இன்னொரு சுற்று அடுக்கினார். இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று. "இது பொற்றாசியம். ஒரு சுற்றுக் கூட. மத்தப்படி அதே குணம், அதே ஆள். ஆவர்த்தன அட்டவணையில ஒண்டுக்குக் கீழ ஒண்டு, ஒரே வீட்டுல மேல்மாடி கீழ்மாடி மாதிரி."

"அப்ப உடம்புக்கு எப்படித் தெரியும் எது எது எண்டு?"

"உடம்பு பெரிய இரசாயனக்காரன் புள்ள. ஒரு சுற்று வித்தியாசத்தப் பிடிச்சிரும். ஒண்ட உள்ளுக்கு வைக்கும், மத்தத வெளிய வைக்கும். அந்த வித்தியாசத்துலதான் இதயம் துடிக்குது."

நடுவிலிருந்த குவியலுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "நடு," என்றார். பிறகுதான் வேறொரு புத்தகத்தில் பார்த்தேன். அதற்குக் கரு என்று பெயர். எனக்கு மூன்று தடவை கரு தங்காமல் போயிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாளுக்கு நூறு தடவை சொல்லும் சொல்லை அந்த மனிதர் என் குசினியில் ஒருநாளும் சொல்லவில்லை.

அணுவுக்குள் பெரும்பகுதி வெறுமைதான் என்பதை வகுப்பில் குடாவை வைத்துத்தான் காட்டுவார். ஆய்வுகூடம் மேல்மாடியில் இருக்கிறது. யன்னலால் கொட்டியாரக்குடா தெரியும், நங்கூரமிட்ட கப்பல்களும் அக்கரையில் துறைமுகத்து மலையும் தெரியும். "அந்தக் குடா அளவுக்கு ஒரு அணு எண்டு வைங்க. நடுவுல ஒரு தேங்காய் மிதக்குது. அதுதான் கரு. கிட்டத்தட்ட முழுத் திணிவும் அந்தத் தேங்காய்க்குள்ள. மிச்சம்?" பிள்ளைகள் ஒன்றும் இல்லை என்பார்கள். "ஒண்டும் இல்லாத இடத்தத்தான் சுவர் எண்டு தட்டுறம்," என்று மேசையில் தட்டுவார்.

இந்த வருடம் எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது. பஹ்மி தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தர முன்வந்தான். பரிசோதனைகள் ஒவ்வொன்றாகப் பொருந்திவந்தன. மாரி முடிந்ததும் மாற்றுவதற்குத் திகதி தருவதாகச் சொன்னார்கள். "அதுவரைக்கும் அளவு பிழைக்காம இருந்தாச் சரி," என்றார் அவர். உம்மா அதை எல்லோரிடமும் சொன்னா. அளவு பிழைக்காமல் இருந்தால் சரி.

மாரி முடியவில்லை. கார்த்திகையில் மழை நிற்காமல் பெய்தது, ஆறு பெருகியது, ஓர் அதிகாலை எங்கள் குசினிக்குள் தண்ணீர் நின்றது. கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனோம். உம்மா எடுத்தது அளவுச்சாடியை. மேல்மாடி வகுப்பறைகள் நிறைந்திருந்தன. அதிபர் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டார். அவருடைய மேசைகளுக்கு நடுவே, சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணைக்குக் கீழே, அவருக்குப் பாய் விரித்தோம்.

அடுத்த நாள் மெஷின் நாள். வீதி இரண்டு பக்கமும் உடைந்திருந்தது. தொலைபேசிக்கு உயிர் இல்லை. நாள் தவறியது. அவர் கணக்குப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். முகம் ஊதியது. அடுத்த நாள் கண்ணை மூடியபடியே கிடந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

நான் போட் தேடிப் புறப்பட்டேன். பஹ்மி தன் போட்டைக் கடற்கரையிலிருந்து இழுத்து உள்ளே ஒரு பனைமரத்தில் கட்டிவிட்டு, வெள்ளத்தில் அகப்பட்டவர்களை ஏற்றப் போயிருந்தான். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொரு தெருவாகப் போனேன். இந்தப் பக்கம் போனான் என்றார்கள், அந்தப் பக்கம் என்றார்கள். அவனைக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இப்ப இறக்கினா நாங்களும் மௌத்து, மதினி. விடியட்டும். காற்று விழும்."

நான் ஆய்வுகூடத்துக்குத் திரும்பியபோது உம்மா மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தா. முகத்தில் ஒரு திருப்தி.

"கவலப்படாத மகள். இண்டைக்கு அஞ்சும் குடுத்தாச்சி. ஒரு சொட்டுக் கூடவுமில்ல, குறையவுமில்ல."

"தண்ணி எங்கால உம்மா? கிணறெல்லாம் வெள்ளம் போயிருக்கே."

"அந்த அழுக்குத் தண்ணிய என்ட புள்ளைக்குக் குடுப்பனா? பொடியனுகள் செவ்விளநீர் பறிச்சிட்டு வந்தானுகள். அல்லாஹ் மரத்துல மூடி வெச்ச தண்ணி. அதத்தான் அளந்து குடுத்தன்."

கதவுக்குப் பின்னால் வெட்டிய இளநீர்க் கோம்பைகள் கிடந்தன. செம்மஞ்சள் நிறத்தில், சுத்தமாக. பேரிலேயே நீர் இருக்கிறது. ஊற்றக்கூடியது எல்லாம் தண்ணி என்று இராசமலர் மிஸ் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். அவ சொன்னதில் பிழையில்லை. உம்மா கேட்டதிலும் பிழையில்லை. இளநீர் ஆகாது என்பது சாப்பாட்டுப் பக்கத்துக் கதை, அது உம்மாவின் பக்கத்துக்கு வரவே இல்லை.

அவர் கண்ணைத் திறந்திருந்தார். உம்மா சொன்னது கேட்டிருந்தது. கோம்பைகளைப் பார்த்தார். சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்தேன். முதல் நிரலில் ஒன்றுக்குக் கீழே ஒன்று.

"இனிப்பா இருந்திச்சா மகன்?" என்றா உம்மா.

"நல்ல இனிப்பு உம்மா," என்றார். நாக்கில் இரும்பைத் தவிர வேறு ருசி தெரியாதவர்.

உம்மா மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனதும் என் கையைப் பிடித்தார். விரல்களில் பலமில்லை.

"எத்தின தரம் குடுத்தா?"

"அஞ்சு."

"அலகு?" என்றார். நான் அழத் தொடங்கினேன். "அழாத புள்ள. நூறு நூறா அஞ்சு. உம்மா வாசிச்சா பிழைக்காது. கனவளவு சரி, பொருள்தான் வேற." மூச்சு வாங்கிக்கொண்டு, "அவட்டச் சொல்லாத. எப்பவும் சொல்லாத," என்றார்.

அன்று இரவே உழவு இயந்திரத்தில் ஏற்றி, மேட்டிலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் டொக்டர் ஒருவர் நெஞ்சில் வயர் பூட்டிப் படம் எடுத்தார். தாளில் கோடு கூரான மலைகளாக ஏறி இறங்கியது. ஊசிகள் போட்டார். மலைகள் தணிந்தன. நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். டொக்டர் தலையை ஆட்டினார். "இது தள்ளிப்போடுற மருந்து மட்டும்தான். கெதியா மெஷினுக்குக் கொண்டுபோங்க."

"தணிஞ்சிட்டுதானே?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஊசி அத ரத்தத்துல இருந்து உடம்புக் கலத்துக்குள்ள தள்ளி ஒளிச்சு வெச்சிருக்கு. திரும்பி வரும்." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "சடப்பொருள் அழியாது புள்ள. எங்கயும் போகல்ல. உள்ளதான் இருக்கு."

நான் வாழ்க்கையில் கேட்ட எல்லாப் பாடங்களிலும் அதுதான் கொடியது. தொழுதேன், அழுதேன். ஒன்றும் அதை வெளியே எடுக்காது, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருக்கும் ஒரு மெஷினைத் தவிர.

விடிந்ததும் காற்று கொஞ்சம் விழுந்தது. போட்டில் பஹ்மியும் இயந்திரம் பிடிக்க அவனுடைய கூட்டாளி ஒருவனும். நான் ஏறப் போனேன்.

"மதினி, பாரம் கூடினா அலையில தூக்காது," என்றான் பஹ்மி.

"அவட நிறை எனக்குத் தெரியும். அம்பத்தெட்டு," என்றார் அவர். தார்ப்பாயில் சுற்றப்பட்டு, போட்டின் அடியில் கிடந்தபடி.

"அலகு?" என்றேன் நான்.

சிரித்தார். உதடு மட்டும் அசைந்தது. "கிலோகிராம். அப்பிடியெண்டா அது நிறை இல்ல, திணிவு. நிறைக்கு நியூற்றன். பிழை விட்டுட்டன்." பிறகு, "நீ நில்லு. உம்மாவத் தனிய விடாத. அந்த டொக்டர் வந்து அவட்ட ஏதாவது சொல்லிட்டாலும்..." என்றார்.

நான் நின்றேன். மாடிக்கு ஓடி ஆய்வுகூட யன்னலால் பார்த்தேன். சாம்பல் நிறக் குடா. நடுவில் ஒரு புள்ளி. ஏறும், மறையும், மறுபடி ஏறும். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் பஹ்மி சொன்னது. பாதி தூரம் வரை கண்ணை மூடியே கிடந்தாராம். துறைமுகத்து வாய் தெரிந்ததும் கண்ணைத் திறந்து, "இன்னும் எவ்வளவு?" என்று கேட்டாராம்.

"கொஞ்சந்தான் நானா."

"கொஞ்சம் எண்டது என்ன அலகு?"

மைலா, நிமிடமா என்று பஹ்மி யோசித்து, ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்தபோது பெரிய அலை ஒன்று வந்தது. அது போன பிறகு திரும்பிப் பார்த்தால் அவர் கேட்டுக்கொண்டிருப்பவரைப் போலவே இருந்தாராம். ஜெற்றியில் ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கும்போது கை தொங்கியது.

ஜனாஸா அடுத்த நாள் படகில் வந்தது. வழக்கமான மையவாடியில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறியது. கடற்கரைப் பக்கம் மணல்மேட்டில் அடக்கினார்கள். பழைய மாணவர்கள் வெள்ளத்துக்குள் நடந்து வந்தார்களாம். நான் முகத்தை மட்டும் பார்த்தேன். வீக்கம் வடிந்து, மெஷின் முடிந்து வந்த நாட்களில் இருப்பதுபோல் இருந்தது.

இப்போது வெள்ளம் வற்றி, வீட்டுச் சுவரில் அதன் மட்டம் கோடாக நிற்கிறது. நான் கைம்பெண் தனித்திருக்கும் இத்தாவில் இருக்கிறேன், வெளியே போவதில்லை. உம்மாவும் நானும் ஒரே வீட்டில். அவ அதிகம் கதைப்பதில்லை. நேற்று மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் வந்து நின்றா. கையில் அளவுச்சாடி, கழுவித் துடைத்தது.

"மகள், அந்தக் கடைசி நாள்... ஏதும் பிழைச்சிட்டா?"

"என்ன உம்மா?"

"மாரி முடியுமட்டும் அளவு பிழைக்காம இருந்தாச் சரி எண்டுதானே சொன்னான். நான் அளவுல பிழை விட்டுட்டனா? கண் மங்கலா இருந்திச்சி அண்டைக்கு, வெளிச்சமும் இல்ல."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இல்ல உம்மா. அவரே சொன்னார். பிறையின்ட அடியில சரியா நூறு. அஞ்சு தரமும் சரி."

உம்மா சாடியைத் திருப்பிப் பார்த்தா. "சொன்னானா?"

"ஓம் உம்மா. உம்மா வாசிச்சா பிழைக்காது எண்டு சொன்னார்."

முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, சாடியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனா. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இனி எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும், நான் உயிரோடு இருக்கும் வரை, அல்லது அவ உயிரோடு இருக்கும் வரை.

சாடியை எடுத்துப் பார்த்தேன். கழுவிக் கழுவி அதன் கோடுகளும் எண்களும் அழிந்துபோயிருந்தன. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால்தான் தடம் தெரியும். உம்மாவின் கண்ணுக்காக அவர், ஒரு கலியாணத்துக்கு வாங்கிய என் சிவப்பு கியூட்டெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலை எடுத்து, ஈர்க்கு நுனியால் ஒவ்வொரு கோடாகத் திரும்ப வரையத் தொடங்கியிருந்தார். உம்மாவுக்குத் தேவை நூறுதான் என்பதால் மேலேயிருந்து தொடங்கினார். மழை தொடங்கிய கிழமை அது. நூறிலிருந்து அறுபது வரை கோடுகள் சிவப்பாக இருக்கின்றன. அறுபதுக்குக் கீழே அவர் இன்னும் போடவில்லை.